விட்டாரா பிரெஸ்ஸா டீசலில் டைமிங் செயின் மாற்றும் முறை: சத்தம் பிடிப்பதிலிருந்து முதல் ஸ்டார்ட் வரை

செயின் போட்ட எஞ்சினுக்கு டைமிங் வேலையே வராது என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. பெல்ட் என்றால் கிலோமீட்டர் பார்த்து மாற்றுவார்கள், செயின் என்றால் வண்டியை விற்கும்வரை மறந்துவிடுவார்கள். மாருதி விட்டாரா பிரெஸ்ஸா டீசல் வைத்திருப்பவர்களுக்காகவும், கை வேலை தெரிந்து இதைச் செய்ய நினைப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன். இந்த எஞ்சினில் செயின் தேயும். தேயத் தொடங்கியதும் பெரும்பாலும் சத்தம் போட்டுச் சொல்லிவிடும், அந்த நேரத்தில் மாற்றினால் செலவு ஒரு கிட்டோடு முடியும், கேட்டும் கேட்காத மாதிரி ஓட்டினால் எஞ்சினின் மேல்பாதியையே திறக்க வேண்டி வரும்.

எந்த எஞ்சின் என்று முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். 2016 மார்ச்சில் பிரெஸ்ஸா வந்தபோது டீசல் மட்டும்தான். ஃபியட்டின் 1.3 மல்டிஜெட்டை உரிமம் வாங்கி மானேசரில் செய்தார்கள், டிடிஐஎஸ் என்று பெயர் வைத்தார்கள். 1248 சிசி, 4 சிலிண்டர், 16 வால்வு, பிரெஸ்ஸாவில் 90 குதிரைத்திறன். 2020-ல் பிஎஸ்-6 புகை விதி வந்ததும் மாருதி டீசலையே நிறுத்திவிட்டது. ஆக, ரோட்டில் ஓடும் எல்லா பிரெஸ்ஸா டீசலும் வயசான வண்டிதான். ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா, சியாஸ் வண்டிகளின் 1.3 டீசல்களிலும் இதே குடும்பம் என்பதால் வேலையின் உள்பகுதி ஒன்றுதான், வெளியே மவுண்டிங்கும் பைப்புகளும் மட்டும் வண்டிக்கு வண்டி மாறும்.

பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க்கிலிருந்து ஒரே ஒரு செயின், வால்வுகளைத் திறந்து மூடும் ஒரு கேம்ஷாஃப்ட்டுக்குப் போகிறது. அந்தக் கேம் பல்சக்கரம் வழியாக மற்றொரு கேமைச் சுற்றுகிறது. செயினை இறுக்கிப் பிடிப்பது ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் டென்ஷனர். ஆயில் கருத்துப்போய், புகைக்கரி சேர்ந்து, அளவும் குறைந்து ஓடினால் செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள பின்னும் புஷ்ஷும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். கண்ணிக்குக் கண்ணி சேர்ந்து மொத்தச் செயினும் நீளும். செயின் நீண்டுவிட்டது என்று சொல்வது இதைத்தான், இரும்பு ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. டென்ஷனர் தன் எல்லை வரை வெளியே வந்து பிடிக்கும். அதற்கு மேல் பிடிக்க இடமில்லாதபோது செயின் தளர்ந்து, அது உரசி ஓடும் பிளாஸ்டிக் கைடில் அடிக்கும், ஒரு நாள் ஒரு பல் தாண்டும். தாண்டினால் பிஸ்டனும் வால்வும் மோதலாம். இந்த எஞ்சினில் பல சமயம் கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் ராக்கர்கள் முதலில் உடைந்து வால்வு தப்பிக்கிறது, ஆனால் அதை நம்பி யாரும் வண்டி ஓட்டக்கூடாது.

செயின்தானா என்று எப்படி முடிவு செய்வது

காலையில் முதல் ஸ்டார்ட்டில், டிரைவர் பக்கத்து எஞ்சின் முனையிலிருந்து சில வினாடி கரகரவென்று ஒரு சத்தம் வந்து, ஆயில் அழுத்தம் ஏறியதும் அடங்கும். இதுதான் ஆரம்பம். பிறகு சூடான எஞ்சினிலும், ஐடிலிலும், ஆக்சிலரேட்டரை விடும்போதும் கேட்கத் தொடங்கும். ஸ்கேனரில் பி0016 என்ற பிழைக் குறியீடு வந்தால் கிராங்க்கும் கேமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். அதற்கு சென்சாரோ ஒயரோகூடக் காரணமாகலாம், ஆனால் அந்தச் சத்தமும் சேர்ந்து இருந்தால் செயின் மேல் சந்தேகம் வலுவாகிறது.

ஆனால் டீசலில் சத்தம் ஏமாற்றும். ஆல்டர்னேட்டர் புல்லி, ஃபேன் பெல்ட் டென்ஷனர், கிளட்ச் பக்கம், இவையெல்லாம் செயின் மாதிரியே சத்தம் போடும். கவரைத் திறக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். எஞ்சின் ஆறிய நிலையில் வெளிப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு சில வினாடி மட்டும் ஸ்டார்ட் செய்து கேளுங்கள். வாட்டர் பம்ப்பும் அந்தப் பெல்ட்டில்தான் சுற்றுகிறது, அதனால் உடனே நிறுத்திவிட வேண்டும். சத்தம் போய்விட்டால் செயினைத் தொட வேண்டாம். சத்தம் அப்படியே இருந்தால், கிளட்ச்சை மிதித்துப் பாருங்கள், அப்போதும் மாறவில்லை, அதே டிரைவர் பக்க முனையில்தான் கேட்கிறது என்றால் செயின் வேலைக்குத் தயாராகலாம். ஆயில் இறக்கும்போது அந்தப் பழைய ஆயிலையும் வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள், கருப்பு பிளாஸ்டிக் துணுக்கு இருந்தால் அது கைடிலிருந்து வந்தது.

வண்டி ஓடும்போதே நின்றுபோய், ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட லேசாகச் சுற்றுகிறது என்றால் கதை வேறு. செயின் ஏற்கெனவே தாண்டியிருக்கலாம் அல்லது அறுந்திருக்கலாம். மறுபடி மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். மேலே திறந்து 16 ராக்கரையும் பார்த்த பிறகுதான் செயினைப் பற்றிப் பேச முடியும்.

வாங்க வேண்டியவை

செயினை மட்டும் தனியாக வாங்கிப் போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். செயின், டென்ஷனர், இரண்டு கைடு, கிராங்க் ஸ்ப்ராக்கெட், கேம் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரங்கள்) எல்லாம் சேர்ந்த கிட்டாகவே வாங்குங்கள். தேய்ந்த செயின் ஸ்ப்ராக்கெட் பல்லையும் தன் அளவுக்குத் தேய்த்து வைத்திருக்கும், அதன் மேல் புதுச் செயின் போட்டால் சீக்கிரமே பழைய சத்தம் திரும்பும். அதோடு கிராங்க் முன்பக்க ஆயில் சீல், கவர் பேக்கிங், கசிவை அடைக்கும் நல்ல ஆர்டிவி சிலிக்கான் பசை, ஆயில் ஃபில்டர், 5டபிள்யூ-30 டீசல் ஆயில், டிகிரி கணக்கில் இறுக்கும் போல்ட்டுகளுக்குப் புதுசு. அந்த வகை போல்ட் ஒரு முறை இழுபட்டால் மறுபடி அதே பிடிப்பைத் தராது.

அடுத்து, பூட்டும் கருவி. 1.3 மல்டிஜெட்டுக்கென்று தனி டைமிங் லாக் கிட் கிடைக்கிறது. கேம்களுக்கு இரண்டு பின், ஃப்ளைவீல் வழியாக கிராங்க்கைப் பிடிக்க ஒன்று. இது இல்லாமல் பெயின்ட் குறி போட்டு வேலை முடிப்பவர்கள் உண்டு, நான் அதற்கு எதிரி. காரணம் எளிது: நீங்கள் குறி போடுவது ஏற்கெனவே நீண்டுபோன செயின் காட்டும் நிலையில். அந்தத் தவறான நிலையையே புதுச் செயினில் நகல் எடுத்து வைப்பீர்கள். கருவி வாங்க முடியாவிட்டால் வாடகைக்கு எடுங்கள். லேத்தில் ஏதோ ஒரு அளவுக்குக் கடைந்த பின் வேண்டாம், அதில் உள்ள சின்ன ஆட்டம்கூட கேமில் டிகிரியாகத் தெரியும்.

டார்க் ரெஞ்ச், ஆங்கிள் கேஜ், ஸ்ப்ராக்கெட்டைப் பிடிக்கும் கருவி, எஞ்சினை மேலிருந்து தாங்கும் சப்போர்ட் பார், இரண்டு ஆக்சில் ஸ்டாண்டு, இவையும் வேண்டும். சப்போர்ட் பாரை அழுத்திச் சொல்கிறேன். மவுண்டிங் கழற்றும் வேலைக்கு வழக்கமாக ஆயில் சம்ப்புக்கு (எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டிக்கு) அடியில் ஜாக்கியும் கட்டையும் கொடுப்போம் இல்லையா, இங்கே அந்தச் சம்ப்பே கீழே இறங்கப் போகிறது. அதனால் எஞ்சினை மேலிருந்துதான் தொங்கவிட வேண்டும்.

உங்கள் எஞ்சின் எண்ணுக்கு உரிய சர்வீஸ் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கும் அளவுகள் எல்லாம் அதிலிருந்துதான் வர வேண்டும்.

கழற்றுவது

எஞ்சின் இரவு முழுக்க ஆறியிருக்கட்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திய பிறகு கையால் ஆட்டிப் பாருங்கள், அசையக்கூடாது. டிரைவர் பக்க முன்சக்கரத்தையும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரையும் எடுத்தால் கிராங்க் புல்லி முகத்துக்கு நேராகத் தெரியும். ஆயிலை இறக்குங்கள். பெல்ட்டைக் கழற்றுங்கள். ஏசி கம்ப்ரஸர் வழியில் இருந்தால் கேஸ் லைனைத் திறக்காமல் கம்ப்ரஸரை மட்டும் போல்ட் எடுத்து ஓரமாகக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸின் மேல் எடை விழக்கூடாது.

இன்ஜெக்டர் பைப்புகளை இந்த வேலைக்குத் தொடத் தேவையில்லை. டைமிங் கவர் எஞ்சினின் முனையில் தனியாக இருக்கிறது, கேம்கள் மேலே தங்கள் ஹவுசிங்குக்குள்ளேயே இருக்கும். காமன்ரெயில் லைனில் ஒரு தூசி போனாலும் இன்ஜெக்டருக்கு ஆபத்து, அதனால் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

இப்போது எதையும் மேலும் கழற்றும் முன் பூட்டுங்கள். கிராங்க் போல்ட்டில் நீளமான கைப்பிடி போட்டு, எஞ்சின் சுற்றும் திசையில் மட்டும், மெதுவாகச் சுற்றுங்கள். புல்லி பக்கமிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்று. கேம் ஹவுசிங்கில் பின்களுக்கான மூடிகளைக் கழற்றி இரண்டு பின்னையும் கையால் திருகிப் பாருங்கள், ஃப்ளைவீல் பின்னை கிளட்ச் ஹவுசிங்கில் உள்ள துளை வழியாகக் கொடுங்கள். கிராங்க் பின் போகிறது, கேம் பின்கள் பக்கத்திலேயே வரவில்லை என்றால் இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள், கிராங்க் இரண்டு முறை சுற்றினால்தான் கேம் ஒரு முறை சுற்றும். கிராங்க் பின் உட்கார்ந்து கேம் பின் நூலிழையில் தவறுகிறது என்றால், அதுவே செயின் நீண்டதற்குச் சாட்சி. அப்போது பின்னைச் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். செயினை எடுத்த பிறகு கேமைச் சில டிகிரி மட்டும் நகர்த்தி அதன் இடத்தில் பூட்டிக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பின்கள் இடத்தைக் காட்டுவதற்கு மட்டும்தான், விசை தாங்குவதற்கு இல்லை. கேம் போல்ட்டைத் தளர்த்தும்போதும் இறுக்கும்போதும் ஸ்ப்ராக்கெட்டைத் தனிக் கருவியால் பிடிக்க வேண்டும். பின்னை நம்பி கைப்பிடியில் தொங்கினால் பின் வளையும் அல்லது ஹவுசிங் உடையும். கிராங்க் போல்ட்டுக்கும் இதேதான், புல்லியைத் தனியாகப் பிடியுங்கள். அந்தப் போல்ட்டில் பைப் போட்டு இழுக்கும் முன் அது இடது மரையா வலது மரையா என்று கையேட்டில் ஒரு முறை பார்த்துவிடுங்கள், தவறான பக்கம் பலம் கொடுத்து கிராங்க்கின் மரையைக் கெடுத்தால் அதற்கு மருந்தில்லை.

அப்புறம் சப்போர்ட் பாரில் எஞ்சின் எடையை வாங்கி, வலது மவுண்டிங்கைக் கழற்றுங்கள். அந்த மவுண்டிங் ரப்பரையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள், கிழிந்திருந்தால் மாற்ற இதைவிட வசதியான நேரம் வராது. அடுத்து சம்ப். சிலிக்கானில் ஒட்டிக்கொண்டிருக்கும், உளியை உள்ளே விட்டு நெம்பினால் முகம் கோடு விழும், மெல்லிய பிளேடால் சுற்றிலும் அறுத்து இறக்குங்கள். பிறகு கவர் போல்ட்டுகள். நீளம் வேறு வேறாக இருக்கும், ஒரு அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து எந்த போல்ட் எங்கிருந்து வந்ததோ அங்கே குத்தி வையுங்கள்.

கவர் கையோடு வந்தால் அதற்குள் ஆயில் பம்ப்பும் இருக்கும், இந்த எஞ்சினில் பம்ப் கவரோடு சேர்ந்தது. கவிழ்த்துப் போடாமல் சுத்தமான துணியில் வையுங்கள்.

டென்ஷனரை உள்ளே அழுத்தி, துளையில் மெல்லிய கம்பி கொடுத்து நிறுத்திவிட்டுக் கழற்றுங்கள். கைடுகள், பிறகு கேம் போல்ட், கேம் ஸ்ப்ராக்கெட்டோடு செயின், கடைசியாக கிராங்க் ஸ்ப்ராக்கெட். பழைய செயினையும் புதுசையும் பக்கத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியலாம். செயின் வெளியே இருக்கும்போது, பின் உட்கார கேமைச் சில டிகிரி நகர்த்துவதைத் தவிர, கிராங்க்கையோ கேமையோ யாரும் சுற்றக்கூடாது, வேடிக்கை பார்க்க வருபவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

சுத்தம்

அவசரக்காரர்கள் தாண்டிப் போகும் இடம் இது. சம்ப்பின் அடியில் கைடிலிருந்து உதிர்ந்த பிளாஸ்டிக்கும் கரிச் சேறும் கிடக்கும். ஆயில் உறிஞ்சும் குழாயின் சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள். அந்தச் சல்லடை அடைத்திருந்தால் புது டென்ஷனருக்கும் ஆயில் வராது, டர்போவுக்கும் வராது. புதுச் செயின் போட்டு சில மாதத்தில் மறுபடி சத்தம் என்று வரும் வண்டியில் நான் முதலில் கேட்பது சல்லடையைப் பார்த்தார்களா என்பதைத்தான்.

பழைய சிலிக்கானைப் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் எடுங்கள். எமரி பேப்பர் தேய்த்தால் அந்தத் தூள் பேரிங்கைத் தின்னும். பனியன் வேஸ்ட்டால் துடைப்பதானால் கடைசியில் ஒரு முறை நூல் உதிராத துணியால் துடையுங்கள், ஒரு நூல் முகத்தில் மாட்டினாலும் அங்கே ஆயில் கசியும்.

பூட்டுவது

மூன்று பின்னும் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். கிராங்க் ஸ்ப்ராக்கெட், அதன் மேல் செயின், கேம் ஸ்ப்ராக்கெட். செயினில் நிறம் மாறிய கண்ணிகள் கிட்டுக்குக் கிட்டு வேறுபடும், இருந்தால் ஸ்ப்ராக்கெட் குறிக்கு நேராக வையுங்கள், ஆனால் கடைசித் தீர்ப்பு பின்களுடையது. டென்ஷனர் இல்லாத பக்கத்தில், அதாவது கிராங்க் இழுக்கும் பக்கத்தில், செயின் தொய்வில்லாமல் நேராக இருக்க வேண்டும், தொய்வு முழுக்க டென்ஷனர் பக்கம் வரட்டும். கைடுகளைப் பூட்டுங்கள். புது டென்ஷனர் பின் போட்டே வரும், அதைப் பூட்டி இறுக்கிய பிறகுதான் பின்னை இழுக்க வேண்டும், பையிலிருந்து எடுத்ததும் ஆர்வத்தில் இழுத்துவிடாதீர்கள். கேம் போல்ட்டை, ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்துக்கொண்டு, கையேட்டின் அளவுக்கு இறுக்குங்கள்.

இப்போது எல்லாப் பின்னையும் எடுத்துவிட்டு, கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். வழியில் எங்காவது கெட்டியாக நின்றால் நிறுத்துங்கள், பலம் கொடுக்காதீர்கள், அது வால்வில் பிஸ்டன் தொடுவதாக இருக்கலாம். இரண்டு சுற்று முடிந்ததும் மூன்று பின்னும் விரல் பலத்திலேயே உள்ளே போக வேண்டும். போனால் டைமிங் சரி. போகவில்லை என்றால் பிரித்து மறுபடி செய்யுங்கள், 'கிட்டத்தட்ட சரி' என்பது இந்த வேலையில் கிடையாது. நிறக் கண்ணிகள் இப்போது குறியோடு பொருந்தாமல் எங்கோ போயிருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். செயினின் கண்ணி எண்ணிக்கையும் ஸ்ப்ராக்கெட் பல் எண்ணிக்கையும் வேறு, அவை மறுபடி சேர பல சுற்று ஆகும்.

கவரில் புது ஆயில் சீலை நேராக அமுக்கி ஏற்றி, உதட்டில் கொஞ்சம் ஆயில் தடவுங்கள். ஆயில் பம்ப்புக்குள்ளும் ஆயில் ஊற்றி வையுங்கள், காய்ந்த பம்ப் முதல் ஸ்டார்ட்டில் உறிஞ்சத் தடுமாறும். பம்ப்பின் ரோட்டர் கிராங்க்கோடு பொருந்தி கவர் தானாக முகத்தோடு உட்கார வேண்டும், போல்ட்டால் இழுத்து உட்கார வைத்தால் பம்ப் உடையும். சிறிய எம்6 போல்ட்டுகள் பொதுவாக 9 முதல் 10 நியூட்டன் மீட்டர்தான் கேட்கும், அலுமினிய மரை அதற்கு மேல் தாங்காது, கை ருசிக்கு இறுக்காதீர்கள். சம்ப்பில் சிலிக்கானை மெல்லிய ஒரே கோடாக, போல்ட் துளைகளுக்கு உள்பக்கமாகப் போடுங்கள். தாராளமாகப் பிதுக்கினால் மிச்சம் உள்ளே விழுந்து, நீங்கள் இப்போதுதான் கழுவிய அந்தச் சல்லடையில் போய் உட்காரும். கவரும் பிளாக்கும் சேரும் மூலைகளில் மட்டும் ஒரு சொட்டு கூடுதல்.

மவுண்டிங், புல்லி, பெல்ட், கம்ப்ரஸர், லைனர், சக்கரம். சிலிக்கான் டியூபில் எழுதிய நேரம் வரை காத்திருந்து பிறகு ஆயில், ஃபில்டர்.

முதல் ஸ்டார்ட்

கருவிப் பெட்டியைத் திறந்து மூன்று பின்னும் அதில் இருக்கிறதா என்று எண்ணுங்கள். ஒன்று எஞ்சினில் இருந்தால் ஸ்டார்ட்டர் சுற்றிய நொடியில் எல்லாம் போச்சு.

பேட்டரியை மாட்டி, இன்ஜெக்டர் சாக்கெட்டுகளை மட்டும் கழற்றி வைத்து, சில வினாடி விட்டு விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஆயில் விளக்கு அணையும்வரை. அணைந்ததும் சாக்கெட்டுகளை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். டென்ஷனர் ஆயில் நிரம்பும்வரை ஒரு சில வினாடி சத்தம் வரலாம், உடனே அடங்க வேண்டும். அடங்காவிட்டால் நிறுத்துங்கள். ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் ஐடிலிலேயே சூடாகவிட்டு, டார்ச் அடித்து கவர், சம்ப், புல்லி சீல் மூன்றையும் பாருங்கள். சாக்கெட் கழற்றியதால் வந்த பிழைக் குறியீடுகளை ஸ்கேனரில் அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டி வாருங்கள். பி0016 மறுபடி வந்தால் டைமிங்கையும் சென்சார் சாக்கெட்டையும் இரண்டையும் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலை குளிர்ந்த எஞ்சினில் ஆயில் அளவைப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்து கேளுங்கள். அந்தப் பழைய கரகர இருக்கக்கூடாது. இந்த முதல் ஆயிலை முழு 10,000 கிலோமீட்டருக்கு வைக்காமல் பாதியிலேயே மாற்றிவிடுவது என் பழக்கம், உள்ளே ஒட்டியிருந்த கரியும் துணுக்கும் அதோடு வெளியே வந்துவிடும். அதன் பிறகு டவுனுக்குள்ளேயே நின்று நின்று ஓடும் வண்டிக்கு 10,000 வரை காத்திருக்காமல் 7,000, 8,000-லேயே மாற்றுங்கள், மாதம் ஒரு முறை டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்.